வாசலிலும் காவல், உள்ளேயும் காவல்

ஓர் ஆபீஸில் கணினி வழியாகத் திருட்டு நடந்துவிட்டால் மேலதிகாரிகள் முதலில் தேடுவது திருடனை அல்ல. கடிதத்தைத் திறந்த குமாஸ்தாவையே தேடுகிறார்கள். "அந்த மின்னஞ்சலைத் திறந்தது யார்?" என்று ஒரு விசாரணை, பிறகு ஒரு மெமோ, சில இடங்களில் வேலை நீக்கம். அத்துடன் காரியம் முடிந்ததென்று எல்லோரும் கலைந்து விடுகிறார்கள். இது நியாயமன்று என்பதும், இதனால் அடுத்த திருட்டு ஒரு நாள்கூடத் தள்ளிப் போகாது என்பதும் நமது அபிப்பிராயம். நாளெல்லாம் கடிதங்களைத் திறந்து பார்ப்பதே ஒருவருடைய உத்தியோகமாக இருக்கும்போது, அவற்றின் நடுவே மோசக் கடிதம் ஒன்று வந்தால் அதையும் அவர் திறக்கத்தான் செய்வார். கேட்கவேண்டிய கேள்விகள் வேறு இரண்டு உண்டு. அக்கடிதம் அவருடைய மேஜை வரையில் எப்படி வந்து சேர்ந்தது? அவர் அதைத் திறந்த பிறகு அவருடைய கணினி ஏன் கையைக் கட்டிக்கொண்டிருந்தது?

முதற் கேள்வி தபால் காவலைப் பற்றியது. இரண்டாவது கேள்வி கணினிக் காவலைப் பற்றியது. தெரிந்தவர் எழுதியதுபோல் வேஷம் போட்டு வந்து, கடவுச்சொல்லையோ பணத்தையோ பறிக்கும் கடிதத்துக்கு 'ஃபிஷிங்' என்று பெயர். தூண்டிலில் இரையைக் கோத்து வீசுவது போன்ற வேலை அது. அத்தகைய கடிதங்களை வாசலிலேயே மறிப்பது தபால் காவல். மேஜைமேல் உள்ள கணினியிலும், மடிக்கணினியிலும், செல்போனிலும் இருந்துகொண்டு அங்கே நடப்பதைக் கவனிப்பது கணினிக் காவல். 'எண்ட்பாயிண்ட்' காவல் என்று இதனை வழங்குகிறார்கள். இவ்விரண்டில் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு மற்றொன்றை மறந்திருப்பவர்கள் நம்மிடையே அநேகர். ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டியதில்லை என்று வாதிப்பவர்களும் உண்டு. அவ்வாதம் எவ்வளவு அபாயகரமானது என்பதை விளக்குவதே நமது நோக்கம்.

புதுவையில் இருப்பவர்களுக்கு இது தூரத்து விஷயமல்ல. நமது பிரதேசம் நான்கு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. காரைக்கால் தெற்கே இருக்கிறது. மாஹி மேற்குக் கடற்கரையில். ஏனாம் ஆந்திர ராஜ்யத்தின் நடுவே, கோதாவரிக் கரையில். கடற்கரைச் சாலையிலுள்ள தலைமைச் செயலகத்தில் எழுதப்படும் உத்தரவு இம்மூன்று ஊர்களுக்கும் கடிதமாகத்தான் போய்ச் சேரவேண்டும். எழுதியவரின் முகத்தைப் பாராமல் எழுத்தை நம்பியே நடக்கும் நிர்வாகம் இது. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் குடும்பங்களோ, தாங்கள் உயிரோடிருப்பதற்கு வருஷந்தோறும் பிரான்சுக்கு அத்தாட்சி அனுப்பியாக வேண்டும். "அத்தாட்சி வரவில்லை, உடனே இங்கே விவரங்களைப் பூர்த்தி செய்க" என்று பிரெஞ்சு மொழியில் ஒரு கடிதம் வந்தால் எந்த முதியவர்தான் பதறமாட்டார்? மேட்டுப்பாளையத்திலும் சேதராப்பட்டிலும் உள்ள தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவுகள் சரக்குப் பட்டியல்களையும் பணம் கேட்கும் பில்களையும் மின்னஞ்சலில்தான் வாங்குகின்றன. தூண்டில் போடுகிறவனுக்கு இதைவிடத் தோதான குளம் வேறு எங்கே?

முதலில் தபால் காவலைக் கவனிப்போம். அது கடிதத்தின் உறையைச் சோதிக்கிறது. இன்ன ஸ்தாபனத்தின் பெயரில் கடிதம் அனுப்ப இன்ன கணினிகளுக்கே அதிகாரம் உண்டு என்று அந்த ஸ்தாபனம் பகிரங்கமாக எழுதி வைக்கலாம். கடிதத்தில் தன் முத்திரையையும் பொறிக்கலாம். முத்திரை பொருந்தாத கடிதத்தை என்ன செய்வதென்றும் கட்டளையிடலாம். எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று ஏற்பாடுகள் இவையே. இவற்றுக்குப் பெருஞ்செலவு கிடையாது. ஸ்தாபனத்தின் இணையப் பெயர்ப் பதிவில் சில வரிகளைச் சரியாக எழுதினால் போதும். ஆனால் டிமார்க்கை வைத்துவிட்டு, "பொய்க் கடிதம் வந்தால் சும்மா பார்த்துக்கொண்டிரு" என்ற ஆரம்பக் கட்டளையோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஏராளம். சேவகனை வாசலில் நிறுத்தி, "யாரையும் தடுக்காதே, வருகிறவர்களை எண்ணிக்கொண்டிரு" என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? உறைச் சோதனைக்குப் பிறகு, கடிதத்தோடு வரும் கோப்பைத் தனியறையில் திறந்து, அது என்ன செய்கிறதென்று வேடிக்கை பார்க்கும் ஏற்பாடும் உண்டு.

இவ்வளவும் செய்தாலும் தபால் காவலுக்குக் கண் தெரியாத இடங்கள் இருக்கின்றன. இரவில் குற்றமற்றதாயிருந்த இணைய விலாசம் காலையில் விஷமாக மாறிவிடலாம். பூட்டிய கோப்பைக் கடிதத்தோடு அனுப்பி, அதன் சாவியையும் கடிதத்திலேயே எழுதிவிட்டால், காவலால் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாமற் போகலாம். வாட்ஸப்பில் வருவதும், பென் டிரைவில் வருவதும் தபால் வாசல் வழியாக வருவதே இல்லை. சில சமயம், காவல் தன் கடமையைச் செய்த பிறகும் கேடு வருகிறது. 2011-ம் வருஷம் மார்ச் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள ஆர்.எஸ்.ஏ. என்ற கம்பெனிக்கு நேர்ந்தது இதற்கு உதாரணம். பிறருடைய கணினிகளுக்குப் பாதுகாப்புக் கருவிகள் செய்து விற்பதே அக்கம்பெனியின் தொழில். "2011 ஆள் எடுக்கும் திட்டம்" என்ற தலைப்போடு அதன் ஊழியர் சிலருக்குக் கடிதம் வந்தது. தபால் காவல் அதைச் சந்தேகித்துக் குப்பைப் பெட்டியில் போட்டது. ஆனால் ஓர் ஊழியர் அதைக் குப்பையிலிருந்து எடுத்துத் திறந்தார். கோப்பில் ஒளிந்திருந்த நிரல், அதுவரை எவரும் அறியாத ஒரு பழுதின் வழியாகக் கணினிக்குள் புகுந்தது. அதனால் வந்த கஷ்டத்தைச் சமாளிக்க, தாய்க் கம்பெனிக்கு 6 கோடியே 60 லட்சம் டாலர் செலவாயிற்று. வாசற் காவல் எச்சரித்தும் வீடு கொள்ளை போன கதை இது.

இனிக் கணினிக் காவலைப் பார்ப்போம். பழைய வைரஸ் தடுப்பு நிரல், தெரிந்த திருடர்களின் படங்களை வைத்துக்கொண்டு முகம் பார்ப்பது போன்றது; புதுத் திருடன் வந்தால் அதற்கு அடையாளம் தெரியாது. இப்போதுள்ள காவல் நடத்தையைக் கவனிக்கிறது. ஒரு கடிதக் கோப்பு, திறந்தவுடனே கணினியின் கட்டளை நிரல்களை எழுப்புவானேன்? ஒரு நிமிஷத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகள் பூட்டப்படுவானேன்? நள்ளிரவில் ஒரு கணக்குப்பிள்ளையின் கணினி வெளிதேசத்துக் கணினியோடு பேசுவானேன்? இத்தகைய நடத்தையைக் கண்டதும் அந்தக் கணினியை மற்றவற்றிலிருந்து துண்டித்துவிடும் சக்தி அதற்கு உண்டு. கடிதம் எந்த வழியில் வந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

இந்த உட்காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பங்களாதேஷ் மத்திய பாங்கியின் கதை சொல்லும். 2015-ம் வருஷ ஆரம்பத்தில், வேலை தேடும் ஒரு பணிவான இளைஞன் எழுதியதுபோல அப்பாங்கியின் ஊழியர்களுக்கு மின்னஞ்சல்கள் வந்தன. தன் விவரங்களை இன்ன விலாசத்தில் பார்க்கலாம் என்று அவற்றில் கண்டிருந்தது. குறைந்தது மூன்று கணினிகளிலிருந்து அக்கோப்பை இறக்க முயற்சி நடந்ததாக, 2018 செப்டம்பரில் அமெரிக்க நீதி இலாகா வெளியிட்ட குற்றப் பத்திரம் கூறுகிறது. இதற்கும் திருட்டு நடந்த நாளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்தது! அந்த ஒரு வருஷமும் திருடர்கள் அறை அறையாக நடந்து, கடைசியில் உலக பாங்கிகளெல்லாம் பணம் அனுப்பும் 'ஸ்விப்ட்' கணினியை அடைந்தார்கள். உள்ளே ஃபயர்வால் என்னும் தடுப்புச் சுவர் கிடையாதென்றும், பத்து டாலர் விலையுள்ள பழைய ஸ்விட்சுகளே இருந்தனவென்றும் விசாரணை செய்த போலீசார் சொன்னார்கள். 2016 பிப்ரவரியில் 95 கோடியே 10 லட்சம் டாலரை மாற்றும்படி நியூயார்க்குக்கு உத்தரவுகள் பறந்தன. 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய்விட்டது. இலங்கைக்குப் போகவிருந்த 2 கோடி டாலர் தப்பியது. 'பவுண்டேஷன்' என்ற சொல்லைத் திருடர்கள் பிழையாக எழுதியதே அதற்குக் காரணம். ஒரு தேசத்தின் பொக்கிஷம் திருடனுடைய எழுத்துப் பிழையை நம்பி இருக்கலாமா?

நமக்கு வெகு சமீபத்திலும் இத்தகைய காரியம் நடந்திருக்கிறது. 1904-ம் வருஷத்தில் கும்பகோணத்தில் ஆரம்பிக்கப்பட்ட சிட்டி யூனியன் பாங்கி, தமிழர் முயற்சியால் வளர்ந்த ஸ்தாபனங்களில் ஒன்று. 2018 பிப்ரவரியில் அதன் ஸ்விப்ட் ஏற்பாட்டிலிருந்து, சுமார் 20 லட்சம் டாலர் பெறுமான மூன்று பொய் உத்தரவுகள் துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் போயின. அனுப்பிய உத்தரவுகளுக்கு வரும் பதில்களை அச்சிடும் பிரிண்டரை முந்திய நாளே திருடர்கள் செயலற்றதாக்கியிருந்தார்கள். டாக்காவிலும் இப்படியே பிரிண்டர் ஊமையாக்கப்பட்டதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். மறுநாள் காலையில் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் கும்பகோணத்தில் உண்மை வெளியாயிற்று. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. திருடர்கள் உள்ளே வந்த பிறகு முதலில் செய்யும் வேலை, தங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சாட்சிகளின் வாயை அடைப்பதே என்பது இவ்விரண்டாலும் விளங்கும். ஆகையால் உள்ளே காவல் இருந்தால் மட்டும் போதாது. அக்காவல் திடீரென்று மௌனமானால் அந்த மௌனத்தையே அபாயமாகக் கருதி ஓடிவர ஆள் வேண்டும்.

"அப்படியானால் கணினிக் காவலையே பலமாக வைத்துக்கொண்டு தபால் காவலை விட்டுவிடலாமே!" என்று சிலர் கேட்கலாம். அதுவும் தவறு. பாங்கியின் பக்கம் போலவே வேஷம் போட்ட ஓர் இணையப் பக்கத்தில், ஊழியர் தம் கடவுச்சொல்லைத் தாமே எழுதிக் கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே எந்தத் தீய நிரலும் கணினிக்குள் புகவில்லை. ஆகவே கணினிக் காவல் குரைக்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. திருடன் வேறொரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, சரியான சாவியோடு ராஜபாட்டையில் உள்ளே வருகிறான். இக்கடிதத்தை வாசலில் மறித்திருந்தால்தான் தப்பலாம். அல்லது, கடவுச்சொல் போனாலும் உள்ளே விடாத இரண்டாவது சாவி ஒன்று இருக்கவேண்டும். மேலும், கணினிக் காவலும் மனிதர் செய்ததுதானே? 2024 ஜூலை 19-ந் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பெரிய காவல் கம்பெனி அனுப்பிய பழுதான திருத்தம் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலற்றுப் போயின. நமது விமான நிலையங்களில் பிரயாணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே காவலாளியின் தலையில் முழுப் பாரத்தையும் வைப்பது எப்போதும் விவேகமாகாது.

இரண்டு காவல்களும் இருந்தால் மட்டும் போதுமா? அவை ஒன்றோடொன்று பேசவும் வேண்டும். காரைக்காலில் ஓர் ஊழியரின் கணினியில் கணினிக் காவல் ஒரு விஷக் கோப்பைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்செய்தி தபால் காவலுக்கு எட்டினால், அதே கடிதம் வேறு யார் யார் பெட்டிகளில் கிடக்கிறதென்று தேடி, அவர்கள் திறக்கு முன்பே அதை எடுத்துவிடலாம். அப்படியே, நேற்று உள்ளே விட்ட கடிதம் மோசமானதென்று தபால் காவல் இன்று தெரிந்துகொண்டால், அதைத் திறந்தவர்களின் கணினிகளை உடனே சோதிக்கும்படி கணினிக் காவலுக்குச் சொல்லலாம். நம் ஆபீஸ்களிலோ ஒன்றை ஒரு கண்டிராக்டரிடமும் மற்றொன்றை வேறொரு கண்டிராக்டரிடமும் கொடுத்துவிட்டு, இருவரும் ஒருவரையொருவர் பார்த்தறியாமல் வருஷக்கணக்கில் சம்பளம் வாங்கிப் போகும்படி விட்டிருக்கிறார்கள். வாசலில் நிற்கிறவனுக்கும் உள்ளே உலாவுகிறவனுக்கும் பேச்சு இல்லையென்றால் கொண்டாட்டம் யாருக்கு?

இவ்விரண்டு காவல்களுக்கும் அகப்படாத கடிதமும் ஒன்று உண்டு என்பதை மறைக்கக்கூடாது. விலாசம் இல்லை, கோப்பு இல்லை. "எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் இந்தக் கணக்கில் பணம் கட்டவும்" என்று இரண்டே வரி. பழகிய வியாபாரியின் உண்மையான மின்னஞ்சற் பெட்டியையே திருடன் கைப்பற்றி அதிலிருந்து எழுதியிருப்பான். முத்திரைகளெல்லாம் சரியாகவே இருக்கும். இங்கே யந்திரம் உதவாது. கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, தம்மிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு டெலிபோன் செய்து கேட்பதே மருந்து. மேலதிகாரியே எழுதியதுபோல் அவசர உத்தரவு வந்தாலும், அவரிடம் நேரில் கேட்டுத் தெளிந்த பிறகே பணம் அனுப்புவேன் என்று சொல்லும் கணக்குப்பிள்ளைக்குப் பாராட்டுக் கிடைக்கவேண்டும். "என்னையே சந்தேகிக்கிறாயா?" என்று அவர் மேல் சீறுகிற மேலதிகாரி, திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்.

அகப்பட்டதை உடனே வெளிப்படுத்துவதும் காவலைச் சேர்ந்ததே. 2019 அக்டோபர் 29-ந் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு ஏற்பாட்டின் மேல் சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று அங்கிருந்து ஓர் அறிக்கை வந்தது. மறுநாளே அணுமின் கழகம் வேறு அறிக்கை விட்டது: நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்த ஒரு கணினியில் தீய நிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை, செப்டம்பர் 4-ந் தேதியே சர்ட்-இன் ஸ்தாபனம் அதை அறிவித்தது, முக்கியமான உட்பின்னல் அதிலிருந்து பிரிக்கப்பட்டே இருக்கிறது என்று. உட்பின்னலைப் பிரித்து வைத்திருந்தது மெச்சத் தக்கது. ஆனால் அந்த உண்மையை முதல் நாளே சொல்லியிருந்தால் ஜனங்களின் பீதி பாதியாகக் குறைந்திருக்கும் அல்லவா?

இந்த விஷயத்தில் புதுவைக்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. 1912-ம் வருஷத்தில், இங்கே அடைக்கலம் புகுந்திருந்த சுதேசிகளை மாட்டிவைக்க எண்ணி, ராஜத்துரோகப் பிரசுரங்களை ஒரு பாத்திரத்தில் அடைத்து, வ. வே. சு. ஐயரின் வீட்டுக் கிணற்றில் ஒற்றர்கள் இரகசியமாகப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் இறைக்கையில் அது அகப்பட்டது. சுதேசிகள் அதை மறைக்கவுமில்லை, பயந்து எறிந்துவிடவுமில்லை; தாங்களே பிரெஞ்சுப் போலீசாருக்குத் தெரிவித்துவிட்டார்கள். சூழ்ச்சி பலிக்காமற் போயிற்று. தெரு வாசலைத் தாண்டி வந்த பொய்க் காகிதத்தை வீட்டுக்குள் இருந்த விழிப்பு கண்டுபிடித்தது. தாமதியாமல் சொன்னது காப்பாற்றியது. இன்றைய சட்டமும் அதையே கேட்கிறது. 2022 ஏப்ரல் 28-ந் தேதி சர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். மெமோவுக்குப் பயந்து குமாஸ்தா வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆபீஸில் ஆறு மணி நேரமல்ல, ஆறு மாதமானாலும் உண்மை வெளிவராது.

ஆகவே, புதுவை நிர்வாகமும் இங்குள்ள ஸ்தாபனங்களும் செய்யவேண்டியது இது. டிமார்க் கட்டளையை, "பார்த்துக்கொண்டிரு" என்பதிலிருந்து "தள்ளிவிடு" என்பதற்குப் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு கணினியிலும் செல்போனிலும் நடத்தையைக் கவனிக்கும் காவல் இருக்கவேண்டும். அதன் அறிவிப்பை இரவிலும் பார்க்க ஆள் வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டன. வேறு ஏற்பாடின்றி அப்படியே ஓடும் கணினிகளுக்குச் சீக்கிரம் விடை கொடுக்கவேண்டும். சாதாரண ஊழியரின் கணக்குக்கு நிர்வாக அதிகாரம் இருக்கலாகாது. ஓர் அறையில் பிடித்த தீ மற்ற அறைகளுக்குப் பரவாதபடி கணினிப் பின்னலைப் பிரிக்கவேண்டும். 2022 நவம்பர் 23-ந் தேதி டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 5 ஸர்வர்களும் சுமார் 1.3 டெராபைட் விவரங்களும் பூட்டப்பட்டு, நோயாளிகளின் சீட்டுகளைக் கையால் எழுத நேர்ந்ததற்குப் பின்னலைச் சரியாகப் பிரிக்காததே காரணமென்று சர்க்காரே பார்லிமெண்டில் சொன்னார்கள். ஜிப்மர் வாசலில் விடியுமுன்பே வரிசையில் நிற்கும் ஏழைகளை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

மத்திய சர்க்காரின் மின்னஞ்சல், சென்னையை மூலஸ்தானமாகக் கொண்ட ஸோஹோ கம்பெனியின் ஏற்பாட்டுக்கு மாறியதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் சுதேசிப் பூட்டாக இருந்தாலும் பூட்டினால்தானே பூட்டு? கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பூட்டின் பிறந்த ஊரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பணம் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. மேலே சொன்னவற்றில் பாதிக்குச் செலவே கிடையாது, கவனம்தான் வேண்டும். 2023-ம் வருஷத்து விவரப் பாதுகாப்புச் சட்டமோ, தக்க காவல் வைக்காதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் விதிக்க இடம் வைத்திருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து செய்வதைவிட, ஜனங்களின் பணத்தையும் நோயாளியின் இரகசியத்தையும் காப்பது தம் கடமை என்று கருதிச் செய்வதே ஸ்தாபனங்களுக்கு அழகு. பணம் பறிபோனவர்கள் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்கவேண்டும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருக்க வேண்டும். பொதுநலத்தில் அக்கறையுள்ள தொண்டர்கள், தங்கள் வட்டாரத்து ஆபீஸிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் சென்று கேட்கட்டும்: வாசலில் யார் காவல்? உள்ளே யார் காவல்? இருவரும் பேசிக்கொள்கிறார்களா? இம்மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில், நாளை திருட்டு நடந்தால் குமாஸ்தாவின் மேல் விரல் நீட்ட எந்த மேலதிகாரிக்கும் உரிமை கிடையாது.